பெட்டியைப் பீரோவில் பூட்டாதீர்கள்

கேள்வி: டாக்டர், அடுத்த மாதம் கானாடுகாத்தானில் எங்கள் பெரிய வீட்டில் அப்பச்சிக்கு எழுபது வயது சாந்தி. நிறைய வயதானவர்கள் வருவார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று தம்பி ஒரு ஏஇடி மெஷின் (ஆள் திடீரென்று சாய்ந்தால் இதயத்துக்கு ஷாக் கொடுக்கிற கருவி) வாங்கலாம் என்கிறான். "கரண்டு சமாச்சாரம், தெரியாதவன் தொட்டால் நன்றாக இருக்கிறவனும் போய்விடுவான்" என்று பங்காளி வீட்டுப் பெரியவர் தடுக்கிறார். வாங்கலாமா?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: வாங்கலாம். பெரியவர் நினைப்பது போல அது கண்டபடி அடிக்கிற மெஷின் இல்லை. நெஞ்சில் அதன் பேடுகளை (ஒயரோடு வரும் ஒட்டுப் பட்டைகள்) ஒட்டியதும் இதயம் எப்படி ஓடுகிறது என்று அதுவே பார்க்கும். துடிக்காமல் தாறுமாறாக நடுங்கிக்கொண்டிருந்தால் ஷாக்குக்குத் தயாராகும். ஒழுங்காகத் துடிக்கிறவருக்கும், முழுக்க அடங்கிப்போனவருக்கும், நீங்கள் பட்டனை அமுக்கினாலும் ஷாக் கொடுக்காது.

எனக்குப் பயம் வேறு. ஆள் சாய்ந்ததும் சோடா தெளிப்பது, கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது, அப்புறம் "மூச்சு வருதே" என்று காத்திருப்பது. விட்டுவிட்டு இழுக்கும் அந்த மூச்சு மூச்சே இல்லை. தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் சரியில்லை என்றால் ஒருவர் 108-ஐ அழைக்கட்டும், ஒருவர் மெஷின் பெட்டியை எடுக்க ஓடட்டும், நீங்கள் நெஞ்சின் நடுவில் அமுக்கத் தொடங்கிவிடுங்கள்: 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. எதுவும் செய்யாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. மெத்தையில் போட்டு அமுக்கினால் மெத்தைதான் அமுங்கும். உங்கள் ஆத்தங்குடிக் கல் தரை இதற்கு அருமையான இடம். முற்றத்தில் மழை ஈரத்தில் விழுந்திருந்தால் மட்டும் காய்ந்த பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியைத் திறந்ததும் மெஷின் பேசும், அது சொன்னபடி செய்தால் போதும் (எந்த மொழியில் பேசும் என்று வாங்கும்போதே கேளுங்கள், அவசரத்தில் இங்கிலீஷ் யாருக்கும் புரியாது). வலது காறை எலும்புக்குக் கீழே ஒரு பேடு, இடது அக்குளுக்குக் கீழே விலாவில் இன்னொன்று. விசேஷ வீடு, நெஞ்சில் சந்தனமும் விபூதியும் வேர்வையும் இருக்கும். துடைக்காமல் ஒட்டினால் பிடிக்காது. பெண்ணாக இருந்தால் எல்லோரும் தயங்குவார்கள், அந்தத் தயக்கத்தில் ஆளைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. நாலு பேர் சேலையைப் பிடித்து மறைக்கட்டும், ரவிக்கையை வெட்டிவிடுங்கள். தாலியைக் கழற்ற வேண்டியதில்லை, பேடில் படாமல் ஒதுக்கினால் சரி. ஷாக் கொடுக்கும் கணத்தில் யாரும் தொடக்கூடாது. கொடுத்த கையோடு திரும்ப அமுக்க வேண்டும், ஆம்புலன்ஸ் வரும்வரை.

இனி உங்கள் வீட்டைப் பற்றி. இந்தத் தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று கட்டியிருப்பீர்கள். பெட்டி வீட்டின் கடைசிக் கட்டுப் பகுதியில் பீரோவுக்குள் இருந்தால் போய் வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி முகப்பிலேயே வையுங்கள். சமையல் ஆட்கள் உட்பட நாலைந்து பேருக்கு முன்னாலேயே பழக்கிவிடுங்கள்.

சாந்தி முடிந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிடுவீர்கள், இல்லையா? உள்ளே கிடந்தால் பேட்டரி தீரும், பேடின் பசை காயும், அதற்குக் காலாவதி தேதியே உண்டு. ஊரிலேயே இருக்கிற, ராத்திரியும் கதவு திறக்கிற ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்தப் பெரியவரே ஊரில்தான் இருக்கிறார் என்றால் அவரிடமே கொடுக்கலாம்.