மென்னீர் கான்கிரீட்டை அரிப்பதைக் கணக்கிடுதல்: கேள்வி பதில்

கேள்வி (கட்டடப் பொறியியல் மாணவி): வணக்கம் ஐயா. சல்பேட்டோ குளோரைடோ இல்லாத சுத்தமான தண்ணீர் கான்கிரீட்டை எப்படிச் சிதைக்கிறது?

பதில்: கெட்டிப்பட்ட சிமெண்ட் பசையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கால்சியம் ஹைட்ராக்சைடு. அதன் நுண்துளைகளில் தேங்கிய நீரில் கால்சியம் லிட்டருக்குச் சுமார் 20 மில்லிமோல் செறிந்திருக்கும். வெளியே உள்ள மென்னீரில், அதாவது கரைந்த உப்புகள் குறைந்த நீரில், அது மிகக் குறைவு. இந்த வேறுபாட்டால் கால்சியம் வெளியே விரவ (செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பரவ), அதை ஈடுசெய்ய முதலில் ஹைட்ராக்சைடு கரைந்து தீர்கிறது. அதன் பின்னரே, வலுவுக்கு ஆதாரமான கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட் தன் கால்சியத்தைப் படிப்படியாக இழந்து, இறுதியில் வலுவற்ற சிலிக்காக் கூழாகிறது. மேல்நிலைத் தொட்டியின் அடியில் விரிசலை ஒட்டித் தொங்கும் வெள்ளைப் படிவு, இவ்வாறு வெளியேறிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடுடன் சேர்ந்து உறைந்ததே.

கேள்வி (ஆய்வு மாணவர்): இந்த அரிப்பைக் கணிக்கும் கணித மாதிரியில் ஒவ்வொரு வினையின் வேகத்தையும் சேர்க்க வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டியதில்லை. கரைதல் விரைவானது, விரவல் மெதுவானது. ஆகவே ஒவ்வொரு புள்ளியிலும் திண்மமும் துளைநீரும் சமநிலையில் இருப்பதாகக் கொள்ளலாம். ஓரிடத்தில் திண்மத்திலும் துளைநீரிலும் சேர்ந்துள்ள மொத்தக் கால்சியம் மாறும் வேகம், விரவலால் அங்கு வந்துசேரும் நிகர அளவுக்குச் சமம் என்பதே அடிப்படைச் சமன்பாடு. திண்மத்தையும் கரைசலையும் இணைக்கும் வளைகோட்டுக்கு, 1988-இல் பெர்னர் முன்வைத்த கரைதிறன் மாதிரி நல்ல தொடக்கம். பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: ஹைட்ராக்சைடு கரைந்த இடம் துளையாகிவிடுவதால், விரவல் கெழுவை (விரவலின் வேகத்தைக் குறிக்கும் எண்ணை) ஒவ்வொரு படியிலும் புதுப்பித்தே ஆக வேண்டும். அதை மாறிலியாக வைத்தால், ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க்கில் 1988 முதல் இயங்கும் கதிரியக்கக் கழிவுக் கிடங்கைப் போல மிக நீண்ட காலத்துக்குக் கணக்கிட வேண்டிய இடங்களில் முடிவு ஆபத்தான அளவுக்குத் தவறிவிடும். கார்பனேட், மக்னீசியம் போன்ற பல அயனிகளையும் சேர்ப்பதானால், அமெரிக்க நிலவியல் ஆய்வகம் இலவசமாக வழங்கும் ஃப்ரீக் (PHREEQC) என்ற நீர் வேதியியல் கணக்கீட்டு மென்பொருள் உதவும்.

கேள்வி (தளப் பொறியாளர்): முதல் ஆண்டில் 2 மி.மீ. பாதிப்பு என்றால், 50 ஆண்டில் 100 மி.மீ. ஆகுமா?

பதில்: ஆகாது. விரவல் மட்டுமே நடந்தால் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே வளரும். உங்கள் கணக்கில் அது சுமார் 14 மி.மீ. தான். ஆனால் அழுத்தத்தில் நீர் விரிசல் வழியே ஊடுருவும் அணைகளுக்கு இந்த விதியை நம்பாதீர்கள். நீரின் தன்மையையும் அளந்து பாருங்கள்: பைகார்பனேட் மிகுந்த கடினநீர் மேற்பரப்பில் கால்சைட்டை (கால்சியம் கார்பனேட்டை) படியவைத்துத் துளைகளை அடைக்கக்கூடும், கரைந்த கார்பன் டைஆக்சைடு மிகுந்த மென்னீரோ அந்தப் படிவையும் கரைத்துவிடும்.

கேள்வி (அதே பொறியாளர்): நிலக்கரிச் சாம்பல் (fly ash) கலந்த சிமெண்ட் உதவுமா?

பதில்: நன்கு நீராற்றினால் உதவும். சாம்பல் ஹைட்ராக்சைடுடன் வினைபுரிந்து கரையக்கூடிய பகுதியைக் குறைக்கிறது, துளைகளையும் நுணுக்குகிறது.

கேள்வி (ஆய்வக உதவியாளர்): பாதிப்பின் ஆழத்தைப் பார்க்க, காரத்தன்மையை நிறத்தால் காட்டும் ஃபீனால்ஃப்தலீன் போதுமா?

பதில்: கான்கிரீட் உருளைத் துண்டைப் பிளந்து, புதிய முகத்தில் தெளித்தால் உட்பகுதி இளஞ்சிவப்பாகும், ஓரம் நிறமற்று நிற்கும். ஆனால் பிஹெச் 9-ஐ ஒட்டிய அளவுக்கு இறங்கும் வரை நிறம் மறையாது, ஹைட்ராக்சைடோ 12.5-ஐ ஒட்டியே தீர்ந்துவிடுகிறது. எனவே உண்மையான கரைவு முகப்பு (ஹைட்ராக்சைடு தீர்ந்த பகுதியின் உள் எல்லை) நிற எல்லையைவிட ஆழத்தில் இருக்கும். கணித மாதிரியின் முடிவோடு ஒப்பிடும்போது நிற எல்லையை ஹைட்ராக்சைடு முகப்பாகக் கொள்ளாதீர்கள். மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி அடுக்கடுக்காகச் சீவியெடுத்த தூளில் கால்சியத்தை அளந்து சரிபாருங்கள்.