பதக்கத்தில் 1672 என்று இருக்கிறதா? விளிம்பைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் குடும்பத்தில் வழிவழியாக வந்த பழுப்பு நிறப் பதக்கம் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கம் நீண்ட சுருள்முடியோடு பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி. மறுபக்கம் ‘ரேனுஸ்’ என்ற சொல்லும், அடியில் ரோமன் எண்ணில் 1672-ம் இருக்கின்றன. இது உண்மையிலேயே 350 ஆண்டு பழையதா? துலக்கி வைக்கலாமா?

பதில்: துலக்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ரேனுஸ் என்பது ரைன் நதி. 1672 ஜூன் 12 அன்று, டச்சுக் குடியரசின் மீது படையெடுத்த லூயியின் குதிரைப்படை டோல்ஹூயிஸ் அருகே அந்த நதியைக் கடந்தது. தண்ணீர் குறைந்திருந்த கோடைக்காலம். எதிர்க்கரையில் இருந்த காவலும் பலமாக இல்லை. மன்னர் ஆற்றில் இறங்கவில்லை, கரையில் நின்றுதான் பார்த்தார். ஆனால் பாரிஸில் அது மாபெரும் வீரச்செயலாகக் கொண்டாடப்பட்டது. அந்தக் கொண்டாட்டத்தின் ஒரு துண்டுதான் உங்கள் கையில் இருப்பது.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பதக்கத்தில் இருப்பது வெற்றி கிடைத்த ஆண்டு, பதக்கம் அடித்த ஆண்டு அல்ல. லூயியின் வெற்றிகளை வரிசையாகப் பதக்கத்தில் பதிக்கும் வேலையை, அமைச்சர் கோல்பேர் 1663-இல் அமைத்த ஓர் அறிஞர் குழு கவனித்தது. எந்த வெற்றிக்கு என்ன உருவம், என்ன லத்தீன் வாசகம் என்று உட்கார்ந்து விவாதித்தார்கள். நாடகாசிரியர் ராசினும் கவிஞர் புவாலோவும் அதில் இருந்தார்கள். ஒரே அளவில், ஏறத்தாழ 41 மில்லிமீட்டர் விட்டத்தில், முழு வரிசையையும் புதிதாக அடிக்கும் திட்டம் 1690-களில்தான் நடந்தது. 1702-இல் அரசு அச்சகம் வெளியிட்ட பெரிய புத்தகத்தில் 286 பதக்கங்கள் இடம்பெற்றன. ஆகவே 41 மில்லிமீட்டர் பதக்கம் அசலாகவே இருந்தாலும், 1672-க்கு இருபது ஆண்டுகளுக்குமேல் பிந்தியதாகத்தான் இருக்கும்.

அதோடு முடியவில்லை. பதக்கம் அடிக்கும் அச்சுகளைப் பாரிஸ் நாணயச்சாலை பாதுகாத்து வைத்தது. தேய்ந்தவற்றுக்குப் புதிய அச்சு செய்தது. அவற்றைக் கொண்டு பிற்காலத்திலும் திரும்பத் திரும்ப அடித்தார்கள். இவை போலிகள் அல்ல, அதே நாணயச்சாலையின் மறு அடிப்புகள். நல்ல வேளையாக, 1832 முதல் விளிம்பில் ஒரு சின்ன முத்திரை குத்தும் வழக்கம் வந்தது.

பதக்கத்தைச் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்து, விளிம்பை ஒரு முழுச் சுற்று மெதுவாக உருட்டிப் பாருங்கள். பழங்கால விளக்கு இருந்தால் 1832-க்கும் 1841-க்கும் இடைப்பட்டது. நங்கூரம் 1841–42, கப்பலின் முகப்பு 1842–45, சுட்டும் கை 1845–60, தேனீ 1860–79. 1880 முதல் இன்றுவரை வளக்கொம்பு. பழமும் பூவும் வழியும் கொம்பு அது, சிறிதாக இருப்பதால் வெறும் வளைந்த கோடுபோலத்தான் தெரியும். பக்கத்திலேயே உலோகத்தின் பெயர் பிரெஞ்சில் இருக்கலாம்: ‘சி’யில் தொடங்கினால் செம்பு, ‘பி’யில் தொடங்கினால் வெண்கலம்.

ஒன்றுமே இல்லையென்றால்? உடனே சந்தோஷப்பட வேண்டாம். 1832-க்கு முன் அடித்த மறு அடிப்புகளுக்கும் முத்திரை கிடையாது. அப்புறம், முத்திரையை அரத்தால் ராவி விடுகிறவர்களும் உண்டு. என் கைக்கு வந்த ஒன்றில் விளிம்பு முழுக்க ஒரே பழுப்பு. ஓர் இடத்தில் மட்டும், நகத்தின் அகலத்துக்கு, தட்டையாகி மெல்லிய இணைகோடுகள் ஓடின. அங்கே விரலை வைத்ததுமே பள்ளம் தெரிந்தது. விற்றவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்னொன்று, வார்த்தெடுத்த நகல். அச்சில் அடித்ததில் எழுத்தின் ஓரம் கூர்மையாக நிற்கும். வார்ப்பில் அது மழுங்கி, பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் விட்டமும் சற்றுக் குறையும்.

சரி, துலக்கும் விஷயம். அந்தப் பழுப்பு நிறம் அழுக்கு இல்லை. பல பதக்கங்களுக்கு அதை வேண்டுமென்றே ஏற்றித்தான் நாணயச்சாலையிலிருந்து அனுப்பினார்கள். புளிப்போ உப்போ பாலிஷோ போட்டுத் தேய்த்தால் ஐந்து நிமிடத்தில் பளபளக்கும், ஆனால் போன நிறத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. சேகரிப்பாளர்கள் அப்படிப்பட்டதைப் பார்த்ததும் விலையை வெகுவாக இறக்கிவிடுவார்கள். எனக்கு விலையைவிட அந்த நிறம் போவதுதான் வருத்தம். தூசியை மென்மையான தூரிகையால் தட்டினால் போதும். ஆனால் வெளிர்பச்சையில் மாவுபோல உதிரும் களிம்பு கண்டால் அது உலோகத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. தனியே எடுத்து உலர்ந்த இடத்தில் வைத்து, அருங்காட்சியகப் பாதுகாப்பு வல்லுநர் ஒருவரிடம் காட்டுங்கள். மிருதுவான பிவிசி உறைகளில் போடாதீர்கள், அவையே பச்சைப் பிசுக்கை உண்டாக்கும்.

மதிப்புக் கேட்டு யாருக்காவது படம் அனுப்புவதாக இருந்தால், முன்பக்கம் பின்பக்கத்தோடு விளிம்பையும் நான்கு திசையிலிருந்து எடுத்து அனுப்புங்கள். எடையும் விட்டமும் எழுதுங்கள்.