கணினி கேள்வி–பதில்: லைவ் போவதற்கு முன்

கேள்வி: அலுவலகத்துக்குப் புதிய சம்பளக் கணக்கு மென்பொருள் வருகிறது. தயாரித்த நிறுவனமே எல்லாவற்றையும் சோதித்துவிட்டதாம். ஆனாலும் ‘பயனர் ஏற்புச் சோதனையை (ஏற்றுக்கொள்ளும் முன் பயன்படுத்துபவர்களே சோதித்துப் பார்ப்பது) நீங்கள்தான் செய்ய வேண்டும்’ என்கிறார்கள். எனக்கு புரோகிராமிங்கில் ஆனா ஆவன்னாகூடத் தெரியாதே?
– கணக்குப் பிரிவு வாசகி

பதில்: தெரிய வேண்டியதில்லை. எழுதிக் கொடுத்தபடி மென்பொருள் இயங்குகிறதா என்று அவர்கள் பார்த்திருப்பார்கள். அதை வைத்து இந்த மாதச் சம்பளத்தைப் போட்டு முடிக்க முடியுமா என்பதை உங்களால்தான் சொல்ல முடியும். 17ஆம் தேதி வேலைக்குச் சேர்ந்தவர், அதே மாதம் 3 நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்து, முன்பணமும் வாங்கியிருந்தால்? தனித்தனியாகச் சோதிக்கும்போது சரியாக வருகிற கணக்கு, மூன்றும் ஒரே ஆளுக்குச் சேர்ந்து வரும்போது இடறும்.

ஏற்கெனவே முடித்துவிட்ட ஒரு மாதத்தைப் புதியதில் மறுபடி ஓட்டி, பழைய பட்டியலோடு ஆள் ஆளாக ஒப்பிடுங்கள். மொத்தம் பொருந்துகிறதே என்று விட்டுவிடாதீர்கள். ஒருவருக்கு 500 கூடி இன்னொருவருக்கு 500 குறைந்தாலும் மொத்தம் பொருந்தத்தான் செய்யும். ஒன்றிரண்டு வித்தியாசம் வந்தால், பின்னத்தை எந்த இடத்தில் முழு எண்ணாக்குகிறார்கள் என்று பாருங்கள். 10.40 வீதம் மூன்று பிடித்தங்களைத் தனித்தனியே முழுமையாக்கினால் 30. கூட்டிய பிறகு முழுமையாக்கினால் 31. எது உங்கள் அலுவலக முறை என்பதை எழுத்தில் முடிவு செய்யாவிட்டால், மாதாமாதம் இந்த ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: 200 டெஸ்ட் கேஸ்களை (எதைச் செய்தால் என்ன வர வேண்டும் என்ற சோதனைக் குறிப்புகளை) நிறுவனமே தயாரித்துக் கொடுத்திருக்கிறது. வரிசையாக ‘பாஸ்’ போட்டுக்கொண்டு போனால் போதாதா?
– கொள்முதல் பிரிவு வாசகர்

பதில்: போதாது. அவர்கள் போட்ட பாதையிலேயே அவர்கள் உங்களை நடத்திச் செல்கிறார்கள். உங்கள் அன்றாட வேலையிலிருந்து நீங்களாக 20, 30 எழுதுங்கள். தொடக்க நிலை, கொடுக்கும் தகவல், படிகள், வர வேண்டிய விடை ஆகிய நான்கும் ஒவ்வொன்றிலும் இருக்கட்டும். விடையை ஓட்டுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். திரையில் வந்ததைப் பார்த்த பிறகு எழுதினால், வந்ததெல்லாம் சரியாகத்தான் தெரியும். ‘ஆர்டர் சரியாகச் சேமிக்கப்பட வேண்டும்’ என்பதெல்லாம் விடையே அல்ல. ‘100 கேட்டு 60 வந்தால், ஆர்டர் மூடாமல் 40 பாக்கி காட்ட வேண்டும்’ என்பதுதான் விடை.

தப்பாகச் செய்தும் பாருங்கள். சேமி பொத்தானை இரண்டு முறை தட்டினால் ஆர்டர் இரண்டாகிறதா? ஒருவர் தான் போட்ட ஆர்டருக்குத் தானே ஒப்புதல் கொடுக்க முடிகிறதா? இதற்காகவாவது அவரவர் பொறுப்புக்கான லாகின் வேண்டும். சோதிப்பவர்கள் எல்லோருக்கும் அட்மின் லாகின் கொடுத்துவிடுவது பரவலான சோம்பேறித்தனம். அனுமதிக் குளறுபடிகள் அப்போது கண்ணில் படாமல், லைவ் போன, அதாவது நிஜ வேலைக்கு வந்த, முதல் நாள் காலையில் மொத்தமாக வெளிவரும்.

கேள்வி: பழைய டேட்டாவை எக்ஸெல் வழியாக மாற்றித் தந்திருக்கிறார்கள். எதைப் பார்ப்பது?
– ஒரு வாசகர்

பதில்: முதலில் தேதிகள். நாள் முதலில் வரும் கோப்பை, மாதத்தை முதலில் படிக்கும் கணினியில் திறந்தால் ஏப்ரல் 3 (03/04) சத்தமில்லாமல் மார்ச் 4 ஆகிவிடும். 25/04 மாறாது, 25ஆவது மாதம் இல்லையே, வெறும் எழுத்தாக நிற்கும். ஆகவே மாதிரிக்கு எடுக்கும் வரிகளில் 12க்கு உட்பட்ட நாட்களும் இருக்கட்டும். அடுத்து, பூஜ்யத்தில் தொடங்கும் குறியீட்டு எண்கள், முன்பூஜ்யம் உதிர்ந்திருக்கலாம். எண்ணாகப் படித்தால் எக்ஸெல் 15 இலக்கங்களைத்தான் காப்பாற்றும் என்பதால், 16 இலக்க எண்களின் கடைசி இலக்கம் 0 ஆகியிருக்கும்.

சோதனை சர்வரிலிருந்து மின்னஞ்சலும் எஸ்.எம்.எஸ்.ஸும் வெளியே போகாதபடி அடைத்திருக்கிறார்களா என்றும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அசல் வாடிக்கையாளருக்குப் போலி பில் போனால் திரும்பப் பெற முடியாது.

கேள்வி: நாங்கள் ‘பக்’ (மென்பொருள் பிழை) என்று எழுதுவதையெல்லாம் ‘இது புதிய தேவை, தனிக் கட்டணம்’ என்கிறார்கள். கெடுவும் நெருங்கிவிட்டது. சைன்–ஆஃப் (ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்து) கொடுக்கலாமா?
– திட்டப் பொறுப்பாளர் ஒருவர்

பதில்: ஒப்புக்கொண்ட தேவை ஆவணத்தில் இருந்து, இயங்கவில்லை என்றால் பக். ஆவணத்தில் இல்லையென்றால் பெரும்பாலும் அவர்கள் சொல்வதுதான் சரி, கசந்தாலும். உங்கள் புகாரும் தெளிவாக இருக்க வேண்டும். ‘ரிப்போர்ட் வரவில்லை’ என்று எழுதினால் ‘எங்களுக்கு வருகிறதே’ என்றுதான் பதில் வரும். எந்த லாகின், எந்தத் தேதி வரம்பு, எதிர்பார்த்தது என்ன, வந்தது என்ன, பில்ட் எண் (சோதித்த மென்பொருள் பதிப்பின் எண்), ஸ்கிரீன்ஷாட் எல்லாம் கொடுங்கள்.

வேலையையே நிறுத்தும் பக் ஒன்று மிச்சமிருந்தாலும் கையெழுத்து வேண்டாம். சில்லறைப் பிழைகள் மட்டும்தான் என்றால் நிபந்தனையோடு கொடுக்கலாம்: ஒவ்வொரு பிழையின் எண், அதுவரை சமாளிக்கும் வழி, சரிசெய்யும் தேதி ஆகியவற்றை இணைப்பாகச் சேர்த்து, எந்த பில்ட்டுக்கு ஒப்புதல் என்றும் குறிப்பிடுங்கள். அதன் பிறகு ஒரு சின்னத் திருத்தம் வந்தாலும் அது வேறு பில்ட். முக்கியமான டெஸ்ட் கேஸ்களை மறுபடி ஓட்ட வேண்டும்.

இன்றே ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். குறிப்பிட்ட நாட்களுக்குள் எழுத்தில் மறுப்பு வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும் என்று பல ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். அப்படி இருந்தால், திறந்திருக்கும் பிழைகளின் பட்டியல் அந்தக் கெடுவுக்குள் மின்னஞ்சலில் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.