கடைசிப் பந்தி

அன்புள்ள அக்கா,

எங்கள் அன்பியத்தில், அதாவது பங்குக் கோயிலின் கீழ் அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுவில், 28 குடும்பங்கள். மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுகிறோம். அடுத்த கூட்டத்துக்குப் பங்கிலிருந்து கொடுத்திருக்கும் தலைப்பு, 'ஒவ்வொருவரையும் அன்போடும் மாண்போடும் நடத்துவோம்'. பொறுப்பாளர் என்ற முறையில் நான் 10 நிமிடம் பேச வேண்டும். சவேரியார் கால் பட்ட கரை, அருளானந்தர் இரத்தம் சிந்திய மண் என்று தொடங்கலாமா?

இன்னும் மூன்று சிக்கல்கள். ஒருவர் குடித்துவிட்டு வந்து கூட்டத்தில் எல்லோரையும் ஏசுகிறார். அவரிடம் எப்படி அன்பு காட்டுவது? திருவிழாவுக்கு நன்கொடை கொடுத்தவர்கள் பெயரை மைக்கில் வாசிப்பது சரியா? முகாமிலிருந்து வரும் வயதான அம்மா ஒருவர் கோயில் திருவிழா விருந்தான அசனத்துக்குப் பிறகு கூட்டத்துக்கு வருவதே இல்லை. அன்றைக்கு மைக்கில் யாரோ "அகதிங்க, வேலைக்காரங்க எல்லாம் கடைசிப் பந்தி" என்று சொன்னதில் அவருக்கு வருத்தம் என்று கேள்வி. அவருக்காக ஜெபித்து வருகிறோம்.

பேசுவதற்கு நல்ல குறிப்புகள் தந்தால் உதவியாக இருக்கும்.

(பெயர் வேண்டாம்)
மண்டபம் பக்கம்

*

அன்புள்ள தம்பி,

குடிக்கிறவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அது சின்ன விஷயம். கூட்டத்தில் வைத்து அவருக்குப் புத்தி சொல்லாதீர்கள். ஒருவர் கையைப் பிடித்து வீடுவரை கொண்டுபோய் விட்டு வரட்டும். மறுநாள் காலை, வலை பார்த்துக்கொண்டிருக்கும்போது போய்ப் பேசுங்கள். நன்கொடைப் பெயர்களை வாசிப்பதை நீங்கள் நினைத்தாலும் நிறுத்த முடியாது, ஊர் விடாது. தொகையை மட்டும் வாசிக்காதீர்கள். உதவி வாங்கியவர்கள் பெயரை ஒருநாளும் வாசிக்காதீர்கள். முடிந்தது.

சவேரியாரையும் அருளானந்தரையும் வைத்துத் தொடங்க வேண்டாம். அருளானந்தர் கொல்லப்பட்ட ஓரியூரின் செம்மண்ணைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து வீட்டில் வைக்கிறோம். 1693இல் சிந்திய இரத்தத்தின் பெருமையை 300 வருஷத்துக்கு மேலாகப் பேசியாயிற்று. அந்தப் பேச்சைக் கேட்டு எவரும் பக்கத்தில் இருப்பவருக்கு நகர்ந்து இடம் விட்டதில்லை.

உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன இடம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. கடைசிப் பந்தி. சில வாரங்களாக விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

"அவருக்காக ஜெபித்து வருகிறோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். எதற்காக, தம்பி? அந்த அம்மாவுக்கு என்ன நோய்? மைக்கைப் பிடித்தவருக்காக அல்லவா ஜெபிக்க வேண்டும்? 2021இலேயே அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை எடுத்துவிட்டு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றிவிட்டது. அரசாங்கக் கோப்புக்கு இருக்கிற நாகரிகம்கூடக் கோயில் மைக்குக்கு இல்லை. அந்த அம்மாவுக்கு ஒரு பெயர் இருக்கிறது. உங்கள் கடிதத்திலும் அவர் 'முகாமிலிருந்து வரும் அம்மா' தான். பெயரை மறைப்பதற்காக அப்படி எழுதியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். தெரியாமல் எழுதியிருந்தால் அதுதான் உங்கள் முதல் வேலை.

ஆறாம் அதிகாரத்துக்கு வருகிறேன். எருசலேமில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் சரியாகக் கவனிக்கப்படவில்லை. 'பந்தி' என்ற சொல்லே நம் திருவிவிலியத்தில் அங்கே இருக்கிறது. முணுமுணுப்பு எழுந்தது. அவர்களும் ஒரு வகையில் வெளியூர்க்காரர்கள்தான், பேச்சு வேறு. திருத்தூதர்கள் என்ன செய்தார்கள்? அன்பைப் பற்றி 10 நிமிடம் பேசவில்லை. முணுமுணுத்தவர்களுக்குப் பொறுமை வேண்டும் என்று ஜெபக்கூட்டம் வைக்கவில்லை. பரிமாறும் பொறுப்புக்கு ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பெயரையும் ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். யார் தரப்பிலிருந்து குறை வந்ததோ அந்தத் தரப்பின் கையிலேயே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள். திருச்சபை வேலை பிரித்துக் கொடுத்த முதல் கூட்டமே சோறு பரிமாறுவதைப் பற்றியது. நாம் அதைத் திருத்தொண்டர் பட்டம் கொடுக்கும் வழிபாட்டுக்கான வாசகமாக மட்டும் வைத்திருக்கிறோம்.

உங்கள் ஊர் அசனத்தில் கறி அண்டா யார் கையில் இருந்தது? எனக்குத் தெரியாது, ஆனால் கணக்குத் தெரியும். 800 பேருக்கு அசனம் என்று வையுங்கள். தலைக்கு 125 கிராம் அரிசி, 25 கிலோ சிப்பம் நான்கு. கறி தலைக்கு 100 கிராம், 80 கிலோ. கிலோவுக்கு 30 துண்டாக வெட்டினால் மொத்தம் 2,400 துண்டு, ஆளுக்கு மூன்று. பந்திக்கு 200 பேர், நான்கு பந்தி. கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

முதல் பந்தியில் உட்காருகிறவர்கள் படகு முதலாளிகள், நன்கொடையாளர்கள், வெளியூர் விருந்தாளிகள், பரிமாறுகிற பையன்களின் மாமன் மச்சான்கள். பையன் முகத்தைப் பார்க்கிறான், கரண்டி தானாக ஆழமாக இறங்குகிறது. ஆளுக்கு ஐந்து துண்டு, 1,000 போயிற்று. இரண்டாம் பந்தியில் நான்கு, 800 போயிற்று. மூன்றாவது பந்தி நடக்கும்போதுதான் யாரோ அண்டாவை எட்டிப் பார்க்கிறார். ஆளுக்கு இரண்டு. நான்காவது பந்திக்கு ஒன்று. அதற்கும் பிறகு உட்காருகிற பாத்திரம் கழுவுகிறவர்கள், பந்தல்காரர்கள், மேளக்காரர்கள், இலை எடுத்தவர்கள் என 50 பேருக்குக் குழம்பு. அதிலும் ஒரு குடம் வெந்நீர். அவர்கள் 800இல் சேர்த்தியே இல்லை, கவனியுங்கள். கணக்கெழுதும்போதே விட்டுவிட்டோம்.

இதில் கெட்ட மனுஷன் என்று ஒருவர்கூட இல்லை. அந்தப் பையன்கள் நல்லவர்கள், விடியற்காலை மூன்று மணியிலிருந்து நிற்கிறார்கள். தெரிந்த முகத்துக்குக் கை தாராளமாக இறங்கும், தெரியாத முகத்துக்கு அளந்து இறங்கும். கையின் சுபாவம் அது. "எல்லோரையும் அன்போடு நடத்துங்கள்" என்று அந்தக் கையிடம் சொல்லிப் பயனில்லை. அந்தக் கை ஏற்கெனவே அன்போடுதான் பரிமாறிக்கொண்டிருக்கிறது!

ஆகவே ஏற்பாட்டை மாற்ற வேண்டும். கறி வெந்ததும், முதல் இலை போடுவதற்கு முன்பே, கடைசிப் பந்திக்கும் வேலை செய்கிறவர்களுக்கும் உரியதைத் தனிக் குண்டானில் எடுத்து மூடிவிட வேண்டும். கழுவுகிறவர், பந்தல்காரர் எல்லோரையும் சேர்த்து 850 என்றே கணக்கெழுதுங்கள். துண்டையும் குழம்பையும் ஒரே வாளியில் கொண்டுபோகாதீர்கள். துண்டு ஒரு பேசினில், குழம்பு ஒரு வாளியில். துண்டு போடுகிறவர் எண்ணிப் போட வேண்டும், மூன்று. மறுசோறு கேட்டால் போடுங்கள், மறுகறி கடைசிப் பந்தி எழுந்த பிறகு. ஒரு அன்பியத்துப் பையன்கள் தங்கள் அன்பியத்து வரிசையில் பரிமாறக் கூடாது. 25 இலைக்கு ஒருவர் போதும். அதற்கு மேல் ஆள் நிறுத்தினால் தனக்கு வேண்டியவரைத் தேடிப் போவார்கள்.

சோறும் அப்படித்தான். விடிகாலையில் வடித்த சோறு கடைசிப் பந்தி வரும்போது ஆறி விறைத்திருக்கும், நம் ஊர் வெக்கையில் குழம்பு லேசாக நுரை கட்டும். நான்கு சிப்பத்தில் ஒன்றைப் பிரிக்காமல் வைத்திருந்து பகல் பன்னிரண்டரைக்கு உலை வையுங்கள். பந்திக்கு அரைமணி என்றால் பன்னிரண்டுக்குத் தொடங்கும் அசனத்தில் நான்காவது பந்தி உட்காருவது ஒன்றரைக்கு. சூடாக இருக்கும்.

தண்ணீரைச் சொல்ல மறந்தேன். முதல் பந்திக்கு 300 மில்லி பாட்டில், மற்றவர்களுக்கு டிரம்மில் மொண்ட தண்ணீர் என்று ஒரு வழக்கம் வந்திருக்கிறது. குடிதண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிற கரையில் பாட்டில் என்பது தண்ணீர் மட்டுமல்ல, நீ யார் என்று சொல்கிற சீட்டு. எல்லோருக்கும் பாட்டில், இல்லையென்றால் எல்லோருக்கும் டிரம்.

இவ்வளவும் செய்தாலும் ஓட்டை விழும். குண்டானை மூடி வைத்தால் இரண்டாம் பந்தி முடிவதற்குள் யாராவது தூக்குவாளியோடு வந்து "வீட்டுல மாமியாருக்கு முடியல" என்பார்கள். படுக்கையில் கிடப்பவர்கள் பட்டியலை முந்தின நாளே எடுத்து, அவர்களுக்குரிய பொட்டலத்தை முதல் பந்திக்கு முன்பே கொடுத்தனுப்பிவிடுங்கள். அதற்குப் பிறகு வாளி எதுவும் உள்ளே வரக் கூடாது. இதை நிறுத்த ஒரே வழி, பங்குத்தந்தையும் பங்குப் பேரவையும் பெரிய நன்கொடையாளர்களும் கடைசிப் பந்தியில் உட்காருவதுதான். தலைவர் கடைசியில் சாப்பிடுவார் என்று தெரிந்தால் சமையல்காரர் குழம்பில் வெந்நீர் ஊற்ற மாட்டார். அவர்களுக்கென்று தனியாக எடுத்துவைத்த சட்டியிலிருந்து பரிமாறினால் எல்லாம் பாழ். மேளக்காரர் இலைக்குப் பக்கத்து இலை, அதே பேசின், அதே மூன்று துண்டு.

ஒரு குற்றச்சாட்டு வரும்: "சாமியாரைக் கடைசியில் உட்கார வைப்பது மரியாதையா?" வேதாளை உங்களுக்குப் பக்கம்தானே? 1549இல் அங்கே கொல்லப்பட்ட அந்தோனி கிரிமினாலி சாமியாரை உங்கள் இளைஞர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இயேசு சபையின் முதல் மறைசாட்சி. படை வருகிறது என்று தெரிந்ததும் பெண்களையும் பிள்ளைகளையும் தோணிகளில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார், தாம் ஏறாமல் கரையில் நின்றார் என்பதுதான் அவரைப் பற்றிச் சொல்லப்படுவது. கேட்கிறவரிடம் அதைச் சொல்லுங்கள். (ஆக, மறைசாட்சிகளை வைத்துத் தொடங்காதீர்கள் என்று சொன்ன நானே ஒருவரைக் கொண்டுவந்துவிட்டேன். பரவாயில்லை, இவர் உங்கள் ஊர்க்காரர்.)

இன்னொன்று, நேரம். அசனத்துக்கு நாள் குறிக்கும்போது விசைப்படகு போகிற நாளா, நாட்டுப்படகு போகிற நாளா என்று தவறாமல் பார்க்கிறோம். ஆண்கள் கரையில் இருக்க வேண்டுமே! கடல்பாசி எடுக்கிற நாட்களை யார் பார்க்கிறார்கள்? பாசி எடுக்கிற பெண்களுக்கு மாதத்தில் 12 நாள்தான் வேலை. அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. அந்த நாளில் அசனம் வைத்தால் கூலியை விட வேண்டும், அல்லது பிற்பகலில் கரையேறி, உப்பு காயாத சேலையோடு ஓடிவந்து காலி அண்டாவைப் பார்க்க வேண்டும். பவுல் தம் கடிதத்தில் கொரிந்து சபையாரைத் திட்டியது இதற்குத்தான். முதலில் வந்தவர் மூக்குமுட்டச் சாப்பிட்டாயிற்று, பாடுபட்டுவிட்டுப் பிந்தி வந்தவர் பசியோடு நிற்கிறார். அவர் சொன்ன மருந்து ஒரே சொல்: காத்திருங்கள். காலண்டரில் அமாவாசையைப் பார்த்து நாலைந்து நாள் தள்ளிக் குறிப்பதற்கு இறையியல் எதுவும் தேவையில்லை.

அந்தப் பெண்களின் விரலைப் பார்த்திருக்கிறீர்களா? பாறை கிழிக்காமல் இருக்கத் துணி சுற்றிக்கொண்டு பாசி பறிக்கிறார்கள், அப்படியும் நுனியெல்லாம் கீறல். சூடான காரக்குழம்பில் அந்த விரலை வைத்தால் எப்படி எரியும்? அவர்கள் சோற்றை விரல் நுனியால் பிசையாமல் உள்ளங்கையால் உருட்டுவார்கள். பரிமாறுகிறவர் அதைக் கவனித்து, கேட்காமலே ஒரு ஸ்பூனை இலை ஓரத்தில் வைத்துவிட்டுப் போகலாம். சத்தம் போட்டு "இந்தாங்க ஸ்பூன்" என்றால் அதுவும் மைக் மாதிரிதான்.

படகில் பங்கு பிரிக்கும்போது ஒரு கிலோ குறைந்தால் கரையே இரண்டாகிவிடும். அரைப் பங்குப் பையனுக்குரியதை எவரும் தொட முடியாது. அவ்வளவு துல்லியமாகப் பங்கு போடத் தெரிந்த ஊர், கோயில் பங்கில் மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறது.

உங்கள் பேச்சுக்குக் குறிப்புக் கேட்டீர்கள். யாக்கோபு கடிதம் இரண்டாம் அதிகாரத்தில், பணக்காரருக்கு நல்ல இருக்கை, ஏழைக்குக் காலடி என்று பிரிப்பதைக் கண்டிக்கிற முதல் நான்கு வசனங்களை வாசியுங்கள், ஒரு நிமிடம் ஆகும். மிச்ச ஒன்பது நிமிடத்தில் அடுத்த அசனத்துக்குக் கணக்குப் போடுங்கள்.

கூட்டத்துக்கு முன்பு ஒருநாள் அந்த அம்மா வீட்டுக்குப் போங்கள். நான்கைந்து பேராகப் போகாதீர்கள், விசாரணைக்கு வந்ததுபோல் இருக்கும். மனைவியைக் கூட்டிக்கொண்டு போங்கள். "தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். மைக்கில் சொன்னது தப்பு, அவர் எடுத்துக்கொண்டது தப்பல்ல. அதை அப்படியே சொல்லிவிட்டு, அடுத்த அசனத்தில் கறி பேசினை அவர் பிடிக்க முடியுமா என்று கேளுங்கள். உடனே சரி என்று சொல்ல மாட்டார். வற்புறுத்த வேண்டாம், யோசிக்கட்டும். தேநீர் கொண்டுவருவார். "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தோம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்,
அக்கா