தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து செப்டம்பரில் ட்ரவுட் மீன் பிடிக்கப் போகலாமா? எங்கே, எப்படி?

தாராளமாகப் போகலாம். டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்து ஆறுகளில் ட்ரவுட் பருவம் செப்டம்பர் 1 அன்றுதான் திறக்கிறது. உரிமம் எடுத்துவிடுங்கள்; தனியார் நிலத்தில் ஓடும் பகுதி என்றால் உரிமையாளரிடம் அனுமதியும் வேண்டும்.

டிராகன்ஸ்பர்க் மலையிலிருந்து வரும் மூயி, புஷ்மன்ஸ் ஆறுகளைத்தான் நான் முதலில் சொல்வேன். பழுப்பு ட்ரவுட் இங்கே பிறந்த மீன் அல்ல. 1890-இல் ஸ்காட்லாந்திலிருந்து முட்டைகளாக வந்தது.

இங்கே குளிர்காலம் வறண்ட காலம். அதனால் செப்டம்பரில், அதாவது வசந்தத் தொடக்கத்தில், தண்ணீர் குறைவாக, கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். அழகுதான், ஆனால் மீனும் உங்களைப் பார்த்துவிடும். ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்துத் தலை வைத்து நிற்கும். எனவே கீழிருந்து மேல்நோக்கி, குனிந்து, நிழல் நீரில் விழாமல் நகருங்கள். தூண்டில் நரம்பு மெல்லியதாக இருக்கட்டும். சின்ன நிம்ஃப் (நீர்ப்பூச்சியின் இளம் பருவம் போலச் செய்த போலி இரை) ஒன்றைக் கல்லுக்குப் பக்கத்தில் ஓடும் நீரில் விட்டு, அது தானாக மிதந்து வரட்டும். இழுக்கவே கூடாது. விடியற்காலையில் ஓட வேண்டாம். வெயில் ஏறித் தண்ணீர் கொஞ்சம் சூடான பிறகே பூச்சிகள் கிளம்பும், மீனும் இரை தேடும்.

பிள்ளைகளோடு போகிறீர்களா? அப்போது ஹோவிக் பக்கத்து மிட்மார் அணை சுலபம். பாஸ் மீன் இந்தப் பருவத்தில் முட்டையிடக் கரையோர ஆழமற்ற நீருக்கு வரும். கூட்டைக் காக்கும் மீன் மாட்டினால் உடனே விட்டுவிடுங்கள், தயவுசெய்து. அப்புறம், எந்த மீனையும் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கை அதன் மேலுள்ள வழவழப்பை உரித்துவிடும்.