சதுர அடி ரேட்டில் அடங்காத செலவுகள்: வாசகர் கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் வீடு கட்டத் தொடங்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு எங்கள் கட்டடப் பொறியாளர்கள் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: 30-க்கு 50 மனை இருக்கிறது. கையில் 9 லட்சம். பேங்க் லோன் 18 லட்சம் கிடைக்கும். காண்ட்ராக்டர் சதுர அடி 2,400 ரூபாய் என்கிறார். ஆயிரம் சதுர அடிக்கு 24 லட்சம் போக மீதி 3 லட்சத்தில் கிரகப்பிரவேசம், கட்டில், பீரோ எல்லாம் முடித்துவிடலாம் என்று நினைக்கிறோம். சரிதானே?
– வாசகி, கொண்டூர், கடலூர்

பதில்: இந்தக் கணக்கில் வேலையைத் தொடங்கினால் டைல்ஸ் ஒட்டும் நேரத்தில் நகையை அடகு வைக்க வேண்டிவரும். 2,400 ரூபாய்க்குள் என்னென்ன அடங்கும் என்று எழுதி வாங்கினீர்களா? காம்பவுண்டு சுவர், கேட், போர், சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க், மனையை மேடாக்கும் மண், ஈ.பி. இணைப்பு, பிளான் அனுமதிக் கட்டணம், கிச்சன் கப்போர்டு ஆகியவை பெரும்பாலும் அந்த ரேட்டுக்கு வெளியேதான் நிற்கும். சதுர அடிக் கணக்கில் போர்டிகோவையும் மாடிப்படியையும் முழு அளவில் எடுப்பார்களா, பாதி அளவிலா என்பதையும் கேளுங்கள். "வானம் 5 அடி ஆழம் வரை" என்று ஒரு வரி எங்காவது ஒளிந்திருக்கும். வானம் என்றால் அஸ்திவாரக் குழி. கேப்பர் மலைச் செம்மண் என்றால் பரவாயில்லை. களிமண் பாங்கான இடத்தில் அதைவிட ஆழமாகத் தோண்ட வேண்டிவந்தால் அந்த ஒரு வரி பட்ஜெட்டையே கவிழ்த்துவிடும். மனையில் இரண்டு இடத்தில் குழி வெட்டி மண்ணைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

காம்பவுண்டு சுவரை மட்டும் எடுத்துக்கொள்வோம். உங்கள் மனையின் சுற்றளவு 160 அடி. கேட்டுக்கு 12 அடி விட்டால் 148 அடி. 5 அடி உயரத்துக்கு 740 சதுர அடிச் சுவர், இரண்டு பக்கமும் பூசினால் 1,480 சதுர அடிப் பூச்சு. நீங்கள் கட்ட நினைக்கும் வீட்டின் தரைப் பரப்பைவிட இது அதிகம்!

எனவே கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். மொத்தம் 27 லட்சம். அதில் பத்து சதவீதம், அதாவது 2.7 லட்சத்தை, விலையேற்றத்துக்கும் எதிர்பாராத செலவுக்கும் ஒதுக்கித் தொடாமல் வையுங்கள். வெளி வேலைகளுக்குத் தனித்தனியாக விலை கேளுங்கள். அது நாலரை லட்சம் என்று வந்தால் மீதி 19.8 லட்சம். அதை 2,400-ஆல் வகுத்தால் 825 சதுர அடி. உங்கள் பணத்துக்கு வீடு அவ்வளவுதான். இரண்டு படுக்கையறைக்கு அது தாராளமாகப் போதும். பில்லரை மட்டும் மாடிக்கும் சேர்த்து டிசைன் செய்யச் சொல்லுங்கள்.

இந்த அளவு வீட்டுக்கு உத்தேசமாக 330 மூட்டை சிமெண்டும் 3 டன் கம்பியும் ஆகும். இவற்றின் பிராண்டைக் காண்ட்ராக்டில் எழுத வையுங்கள். கம்பி இறங்கும்போது ஒன்றை எடைபோட்டுப் பார்ப்பது நல்லது. 12 மி.மீ. கம்பி 12 மீட்டர் நீளத்துக்கு 10.65 கிலோ இருக்க வேண்டும். 10 கிலோவுக்குக் கீழே வந்தால் லோடைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். சிமெண்டுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. காண்ட்ராக்டர் பழைய விலையில் கணக்குச் சொல்கிறாரா என்றும் பாருங்கள்.

லோன் பணம் மொத்தமாகக் கைக்கு வராது. பேங்க் முதலில் உங்கள் பங்கைப் போடச் சொல்லும். பிறகு பேஸ்மட்டம் (வீட்டின் தரை உயரம் வரை), லிண்டல் (ஜன்னலின் மேல் மட்டம்), ரூஃப், பூச்சு என்று ஒவ்வொரு கட்டமும் முடிந்து, இன்ஜினியர் பார்த்த பிறகுதான் தவணை விடும். இடையில் இரண்டு மூன்று வாரம் காத்திருக்க நேர்ந்தால் கொத்தனார் கூலிக்குக் கையில் பணம் வேண்டும். ஆகவே அந்த 9 லட்சத்தைத் தொடக்கத்திலேயே தேக்குக் கதவுக்கு அட்வான்ஸ் கொடுத்து முடக்காதீர்கள். இன்னொன்று: ரூஃப் போட்டதும் பார்ப்பவர்களுக்கு வீடு முக்கால்வாசி முடிந்ததுபோலத் தெரியும். செலவில் ஏறக்குறைய பாதிதான் தாண்டியிருப்பீர்கள்.

கேள்வி: பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறோம். ஃபெஞ்சல் புயல் மழையில் தெருவில் ஒன்றரை அடித் தண்ணீர் நின்றது. மேஸ்திரி 3 அடி பேஸ்மட்டம் போதும் என்கிறார். போதுமா?
– வாசகர், ரெயின்போ நகர், புதுச்சேரி

பதில்: எதிலிருந்து 3 அடி? மேஸ்திரி மனைத் தரையிலிருந்து சொல்வார். வெள்ளம் ரோட்டிலிருந்து வரும். உங்கள் மனை ரோட்டைவிட ஓரடி பள்ளம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது 3 அடி பேஸ்மட்டம் ரோட்டுக்கு மேல் 2 அடிதான். 2024 நவம்பர் 30-இல் வந்ததுபோல இன்னொரு மழை வந்தால் உங்கள் ஹாலுக்கும் வெள்ளத்துக்கும் இடையே அரை அடிதான் இருக்கும். ரோட்டை ஒருமுறை சுரண்டாமல் மேலேயே தார் போட்டால் அதிலும் பாதி போய்விடும்.

பக்கத்து வீட்டுச் சுவரில் வெள்ளக் கறை இன்னும் தெரிகிறதா என்று பாருங்கள். அந்தக் கோட்டை டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) வைத்து உங்கள் மனைக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு மேல் ஒன்றரை அடி வைத்துத் தரைமட்டத்தை முடிவு செய்யுங்கள். உங்கள் கணக்கில் அது ரோட்டுக்கு மேல் 3 அடி, மனையிலிருந்து 4 அடி.

இந்தக் கூடுதல் ஓரடிக்கு ஆகும் மண் பெரிய செலவில்லை. 800 சதுர அடி வீட்டுக்கு 800 கன அடி, அதாவது 8 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). திமிசு போட்டால் (கட்டையால் இடித்தால்) மண் இறுகும் என்பதால் 10 யூனிட் அடிக்க வேண்டும். ஆனால் இடித்த வீட்டின் செங்கல், காரை, மரத்துண்டை அப்படியே உள்ளே தள்ளிவிடுவார்கள், விடாதீர்கள். மரம் மட்கும், இடுக்குகளில் மண் இறங்கும், இரண்டு வருடத்தில் டைல்ஸைத் தட்டினால் 'டொக்கு' சத்தம் கேட்கும். கிராவலை அரையடி அரையடியாகப் பரப்பி, தண்ணீர் விட்டுத் திமிசு போட வேண்டும்.

உயரத்தால் வேறொரு சிக்கலும் உண்டு. ரோட்டு மட்டத்திலிருந்து 3 அடிக்கு 6 படி போதும். ஆனால் வயதானவர்களுக்குச் சாய்தளம் வைக்க நினைத்தால், ஓரடி உயரத்துக்கு 12 அடி என்ற கணக்கில் 36 அடி நீளம் வேண்டும். பிளான் போடும்போதே அதற்குப் பக்கவாட்டில் இடம் விட்டால்தான் உண்டு. சம்ப் மூடி, செப்டிக் டேங்க் மூடி, ஈ.பி. மீட்டர் மூன்றும் வெள்ளக்கோட்டுக்கு மேலே இருக்கட்டும். வீட்டை உயர்த்திவிட்டுச் சம்ப்பை மறந்தால் குடிநீரில் சாக்கடை கலந்துவிடும்.

கேள்வி: கடலுக்கு அருகில் மனை. போர் தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கிறது. அதையே கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தலாமா?
– வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: அதற்கு முன்னால், மனை கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் வருகிறதா, அங்கே கட்ட அனுமதி உண்டா என்று பாருங்கள். தண்ணீரை நாக்கால் சோதிக்க முடியாது; லேபில் கொடுங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்பது ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி. தாண்டினால் டேங்கர் தண்ணீர்தான், கியூரிங்குக்கும் (போட்ட கான்கிரீட்டை நனைத்து வைப்பதற்கும்) சேர்த்து. அந்தச் செலவையும் பட்ஜெட்டில் எழுதுங்கள்.

உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு ஊதிப் பருத்து கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். ரூஃபின் அடியில் பூச்சு பெயர்ந்து கம்பி தெரிகிற வீடுகளை உங்கள் தெருவிலேயே பார்த்திருப்பீர்கள். கடற்காற்று நேரடியாகப் படும் இடத்தில் எம்30 என்ற வலிமைத் தரத்தில் கான்கிரீட்டும், கம்பிக்கு 45 மி.மீ. கவரும் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) வேண்டும். அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் தீர்ந்ததும் ஜல்லியை முட்டுக்கொடுப்பார்கள். கான்கிரீட் போடும் நாளில் அதைப் பார்க்கவாவது நீங்கள் இருக்க வேண்டும். "பின்னால் மாடி கட்டலாம்" என்று மொட்டை மாடியில் நீட்டி விடும் பில்லர் கம்பிகளுக்கு மெலிந்த கான்கிரீட்டால் மூடி போடுங்கள். வெறுமனே விட்டால் ஐந்தாறு வருடத்தில் மாடிக்கு உதவாமல் போகலாம்.

கேள்வி: நெல்லிக்குப்பத்தில் 1,800 சதுர அடி மனை. பிளான் அப்ரூவலுக்கு அலைய வேண்டுமா?

பதில்: மனை அங்கீகாரம் பெற்றதாக இருந்தால் அலைச்சல் குறைவு. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ கட்ட, தமிழகத்தில் 2024 ஜூலையிலிருந்து ஆன்லைனில் சுயசான்று முறையில் அனுமதி பெறலாம். புதுச்சேரிக்கு இது பொருந்தாது. அங்கே நகர அமைப்புக் குழுமம்தான்.

கேள்வி: ஐப்பசியிலேயே பூமி பூஜை போட்டு வேலையைத் தொடங்கலாம் என்கிறார் மாமனார். தொடங்கலாமா?
– வாசகர், வில்லியனூர்

பதில்: பூஜை போடுங்கள், வானம் தோண்டாதீர்கள். வெட்டிய குழி ஒரே மழையில் நிறையும், கரை சரியும், அடிமண் சேறாகும். அந்தச் சேற்றை அள்ளிவிட்டுக் கூடுதலாக கான்கிரீட் போட வேண்டும். செங்கல் சூளைகளும் அப்போது நின்றிருக்கும், விலை ஏறும். மழைக்காலத்தில் மனையில் தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் வடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிளான், லோன் வேலைகளை முடியுங்கள். தை பிறந்ததும் தோண்டினால் அடுத்த ஐப்பசிக்குள் வெளிப்பூச்சு முடிந்துவிடும். ரூஃப் கோடையில் வரும் என்பதால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். பில்லருக்கு ஈரச் சாக்கு சுற்றுங்கள். சிமெண்ட் மூட்டையில் பி.பி.சி. (சாம்பல் கலந்த சிமெண்ட் வகை) என்று போட்டிருந்தால் 10 நாளுக்குக் குறையாமல் நனைக்க வேண்டும். சித்திரை வெயிலுக்கு 14 நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.