தாதாவை விட்டுவிட்டு, பை தூக்குகிறவனைப் பார்க்கச் சொல்லுங்கள்

கேள்வி இதுதான்: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி, 'நார்கோஸ்' மாதிரியான தொடர்களை விடிய விடியப் பார்க்கிறான். வாட்ஸ்அப்பில் அந்தத் தொடரின் நாயகன், கொலம்பிய நாட்டுப் போதைப்பொருள் தாதா பாப்லோ எஸ்கோபார் படத்தை டிபியாக வைத்திருக்கிறான். அம்மா பயப்படுகிறார். பார்க்க விடலாமா, தடுக்க வேண்டுமா?

தடுக்காதீர்கள். முடிந்தால் நீங்களும் கூட உட்காருங்கள். ஆனால் ஆரம்பித்த தொடரை அவன் கடைசிவரை பார்த்து முடிக்க வேண்டும், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பாதியில் எழுந்து போகிறவனிடம் தாதா மேலே ஏறின கதை மட்டும்தான் தங்கும்.

நான் யார் இதைச் சொல்ல என்று கேட்கலாம். வேலூர் தொரப்பாடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மத்திய சிறைக்கு மனு பார்க்க, அதாவது உள்ளே இருக்கிறவர்களைச் சந்திக்க, வருகிறவர்கள் ஆதார் நகல் எடுக்கவும், ஒரு தாளில் நாலு வரி எழுதி வாங்கவும் என் கடைக்கு வருவார்கள். பகல் முழுக்க அவர்களோடு பேச்சு. ராத்திரி கடையைச் சாத்திவிட்டு வந்து இந்தத் தொடர்களை சப்டைட்டிலோடு பார்ப்பேன். எனக்கு இவை உண்மையிலேயே பிடிக்கும். எழுத்து, நடிப்பு, ஊரையே கண் முன்னால் கொண்டுவந்து நிறுத்தும் விதம் எல்லாமே உழைத்துச் செய்தவை. உங்கள் தம்பிக்கு ஏன் பிடிக்கிறது என்பதும் எனக்குப் புரிகிறது.

ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் ஓவர்டைம் பார்த்து முதுகு வளைந்த அப்பாக்களின் பிள்ளைகள்தான் இங்கே பாதிப் பேர். குடியாத்தத்தில் அம்மா பீடி சுற்றிப் படிக்க வைத்த பையன்கள் எத்தனையோ பேர். அவர்கள் பார்க்கிற தொடரில், ஒன்றுமில்லாத வீட்டிலிருந்து வந்த ஒருவன் திட்டம் போடுகிறான், பேரம் பேசுகிறான், பெரிய மனிதர்களை எதிரே நின்று பார்க்கிறான். அந்த முதல் ஐந்தாறு அத்தியாயம் உழைத்து முன்னேறுகிறவனின் கதை மாதிரியே இருக்கிறது. விற்கிற சரக்கு என்ன என்பதைக் கதையின் வேகம் மறக்கடித்துவிடும். இந்த வகைத் தொடர்களின் பலமும் ஆபத்தும் அந்த வேகம்தான்.

நிஜத்தில் எஸ்கோபார் ஏறியதும் அப்படித்தான். 1982-ல் கொலம்பிய நாடாளுமன்றத்துக்கு மாற்று உறுப்பினராகத் தேர்வானார். மெடலின் நகரத்தில் குப்பைமேட்டின் மேல் குடிசை போட்டிருந்தவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தார், கால்பந்து மைதானங்களுக்கு விளக்குப் போட்டார். 1987-ல் ஃபோர்ப்ஸ் பத்திரிகை அவரை உலகக் கோடீஸ்வரர் பட்டியலில் சேர்த்தது. எங்கள் பக்கத்திலும் ஜவ்வாது மலை, அல்லேரி மலை ஓடைகளில் சாராய ஊறல் போட்ட காலத்துக் கதைகளைப் பெரியவர்கள் சொல்வார்கள். திருவிழாவுக்கு வாணவேடிக்கைச் செலவு முழுக்க ஏற்றுக்கொண்ட சாராயக்காரரை ஊரே கையெடுத்துக் கும்பிட்டதாம். அதே ஊரில் அவர் சரக்கைக் குடித்துச் செத்தவன் பெயரைக் கேட்டால் யாருக்கும் நினைவில்லை.

எஸ்கோபார் கொன்றவர்களின் பெயர்கள் அப்படிப் போய்விடவில்லை. உங்கள் தம்பி கேட்டால் சொல்லுங்கள். ரோட்ரிகோ லாரா பொனில்லா, நாட்டின் சட்ட அமைச்சர், 1984-ல் சுடப்பட்டார். கியெர்மோ கானோ, 'எல் எஸ்பெக்ததோர்' நாளிதழின் ஆசிரியர், 1986 டிசம்பரில் தன் பத்திரிகை அலுவலக வாசலருகே கொல்லப்பட்டார். இன்று யுனெஸ்கோ தரும் பத்திரிகைச் சுதந்திர விருது அவர் பெயரில்தான் இருக்கிறது. லூயிஸ் கார்லோஸ் கலான், அதிபர் ஆகியிருக்க வேண்டியவர், 1989 ஆகஸ்டில் பொதுக்கூட்ட மேடையில் சுடப்பட்டார். அதே வருடம் நவம்பர் 27-ல் அவியான்கா விமானத்தில் வெடித்த குண்டு, உள்ளே இருந்த 107 பேரையும் கீழே தரையில் மூன்று பேரையும் கொன்றது. குறி வைக்கப்பட்ட அரசியல்வாதி அந்த விமானத்தில் ஏறவே இல்லை.

இந்த விமான அத்தியாயத்தை 'நார்கோஸ்' முதல் பருவத்தில் எப்படிக் காட்டுகிறார்கள் என்பதைத் தம்பியோடு திரும்ப ஒருமுறை பாருங்கள். சின்ன வயசுப் பையன், கைக்குழந்தைக்காரன். பேச்சைப் பதிவு செய்யும் கருவி என்று சொல்லி அவனிடம் ஒரு பெட்டியைக் கொடுக்கிறார்கள். நம்பி எடுத்துக்கொண்டு ஏறுகிறான். பெட்டிக்குள் இருப்பது குண்டு. தொடர் அவனுக்காக அங்கே கொஞ்ச நேரம்தான் நிற்கிறது, உடனே தாதாவிடம் திரும்பிவிடுகிறது. வாக்னர் மோரா என்ற பிரேசில் நடிகர் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டு வந்து எஸ்கோபாராக நடித்தார். தொந்தியை இழுத்து விட்டுக்கொண்டு அவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே கண் அவர் மேல்தான் போகும். அவ்வளவு நல்ல நடிப்பு என்பதாலேயே பெட்டி தூக்கியவன் நம் மனசிலிருந்து சீக்கிரம் நழுவிவிடுகிறான்.

என் கடைக்கு வருகிற அம்மாக்கள் எல்லாம் பெட்டி தூக்கியவர்களின் அம்மாக்கள்தான். தாதா வீட்டு ஆள் யாரும் ஆதார் நகல் எடுக்க வந்து நான் பார்த்ததில்லை. ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளிலிருந்து கிளம்புகிற கஞ்சா, ரயிலில் காட்பாடி வழியாகவும், சாலையில் கிறிஸ்டியான்பேட்டை சோதனைச்சாவடி வழியாகவும் வருகிறது. சீட்டுக்கு அடியில் கேட்பாரற்றுக் கிடந்த பை என்ற செய்தியை வேலூர்க்காரர்கள் பேப்பரில் படித்துச் சலித்துவிட்டார்கள். அந்தப் பை கேட்பாரோடு பிடிபட்டால், பிடிபடுகிறவன் பத்தொன்பது இருபது வயதுப் பையனாகத்தான் இருப்பான். ஓர் அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "யார் பைன்னே அவனுக்குத் தெரியாதுபா. காட்பாடில எறக்கிக் குடுத்தா ரெண்டாயிரம் தர்றேன்னு சொல்லிக்கினாங்கோ. ஃபோன் டியூ கட்டணும்னு போனான்."

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பது கல்லூரிப் பையன்கள் பலருக்குத் தெரிவதில்லை. 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் எடைதான் கணக்கு. கஞ்சா ஒரு கிலோ வரை சிறிய அளவு, ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் விழலாம். அதற்கு மேல் 20 கிலோ வரை என்றால் பத்தாண்டு வரை. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, குறைந்தது பத்தாண்டு, அதிகபட்சம் இருபது, அபராதமும் ஒரு லட்சத்துக்குக் குறையாது. வணிக அளவு வழக்கில் ஜாமீன் கேட்டால், இவன் குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்குத் தோன்ற வேண்டும். அதனால் ஜாமீன் கிடைப்பது குதிரைக்கொம்பு. பை யாருடையது என்று சட்டம் கேட்காமல் இல்லை. ஆனால் பை இருந்த கையைத்தான் முதலில் பிடிக்கும், அந்தக் கை வாய்தா வாய்தாவாக அலைந்து வயசைத் தொலைக்கும். எந்தத் தொடரிலும் இந்த வாய்தாக்கள் வருவதில்லை, காட்டினால் யார் பார்ப்பார்கள்.

'பிரேக்கிங் பேட்' பார்த்திருப்பான் என்று நினைக்கிறேன். 2008 முதல் 2013 வரை ஓடியது, 62 அத்தியாயம். புற்றுநோய் வந்த வேதியியல் வாத்தியார் குடும்பத்துக்காக என்று சொல்லிப் போதைப்பொருள் காய்ச்ச ஆரம்பிக்கிறார். கடைசி அத்தியாயத்தில் மனைவியிடம், எனக்காகத்தான் செய்தேன் என்று ஒப்புக்கொள்கிறார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே முழுத் தொடரையும் பார்க்கலாம். என்னை அதைவிட அதிகமாக அசைத்தது மூன்றாம் பருவத்தில் சைக்கிளில் வரும் சின்னப் பையன். தெருவில் விற்கிறவர்கள் அவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து ஒருவனைக் கொல்ல வைக்கிறார்கள், பிறகு அவனையே முடித்துவிடுகிறார்கள். வாத்தியாரின் தொப்பி படம் போட்ட டீ-ஷர்ட் எல்லா ஊரிலும் விற்கிறது. அந்தப் பையன் படத்தை யாரும் போட்டுக்கொள்வதில்லை.

எஸ்கோபார் கதையை இன்னொரு பக்கத்திலிருந்து சொன்ன தொடரும் உண்டு. கொலம்பியாவின் கராகோல் தொலைக்காட்சி 2012-ல் ஒளிபரப்பிய 'எல் பத்ரோன் தெல் மால்'. அதன் பின்னால் இருந்த இரண்டு பேரில் ஒருவர் கமிலோ கானோ, கொல்லப்பட்ட ஆசிரியர் கியெர்மோ கானோவின் மகன். மற்றவர் ஹுவானா உரிபே, கொல்லப்பட்ட கலானின் உறவுக்காரப் பெண், அவருடைய அம்மாவை எஸ்கோபார் ஆட்கள் கடத்தி மாதக்கணக்கில் அடைத்து வைத்திருந்தார்கள். தன் அப்பாவைக் கொன்றவனின் வாழ்க்கையை ஒருவர் உட்கார்ந்து தயாரிக்கிறார் என்றால் அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும். செத்தவர்களின் வீடு, மனைவி, சாப்பாட்டு மேசை எல்லாவற்றுக்கும் அந்தத் தொடரில் நேரம் கொடுத்திருக்கிறார்கள். தயாரிப்பு 'நார்கோஸ்' அளவுக்குப் பளபளப்பாக இருக்காது, நீளமும் நம்ம ஊர் மெகா சீரியல் மாதிரி. ஆனாலும் தம்பிக்கு எஸ்கோபார் மேல் அவ்வளவு ஆர்வம் என்றால் இதைப் பார்க்காமல் அந்த டிபி வைக்கக் கூடாது என்று நான் கறாராகவே சொல்வேன்.

மெடலின் நகரமும் தாதாவை விட்டுவிட்டுக் கொல்லப்பட்டவர்கள் பக்கம்தான் திரும்பியது. எஸ்கோபார் குடும்பம் வாழ்ந்த மொனாக்கோ என்ற கட்டடத்தைச் சுற்றுலாப் பயணிகள் வந்து படமெடுத்துக்கொண்டு போனார்கள். 2019 பிப்ரவரியில் நகராட்சி அதை வெடிவைத்துத் தகர்த்து, அந்த இடத்தில் கொல்லப்பட்டவர்களுக்கு நினைவிடம் கட்டியது.

ஒருவேளை விஷயம் டிபியைத் தாண்டிப் போய்விட்டது என்று சந்தேகம் இருந்தால், தூக்கம், காசு, நண்பர்கள் எல்லாம் மாறியிருந்தால், அதைத் தொடரின் தலையில் கட்டாதீர்கள். 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம், கட்டணமில்லை. வேலூரிலேயே என்றால் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. போலீசுக்குப் போவதற்கு முன்னால் டாக்டரிடம் போங்கள்.

அப்படி எதுவும் இல்லை, வெறும் ஆர்வம்தான் என்றால் அடுத்ததாக 'தி வயர்' ஆரம்பித்துக் கொடுங்கள். 2002 முதல் 2008 வரை வந்தது, 60 அத்தியாயம், பால்டிமோர் நகரம். எழுதியவர்களில் டேவிட் சைமன் அங்கே நாளிதழ் நிருபராக இருந்தவர், எட் பர்ன்ஸ் அங்கேயே துப்பறியும் போலீஸாகவும் பிறகு பள்ளி வாத்தியாராகவும் இருந்தவர். ஆரம்பம் மெதுவாகப் போகும், பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நான்காம் பருவத்தில் நாலு பள்ளிக்கூடப் பையன்கள் வருவார்கள். அதில் ஒருவன் நேமண்ட். அப்பா பெரிய கும்பலின் அடியாள், கொலை வழக்குகளில் ஆயுள் கைதி. கும்பலிலிருந்து வந்துகொண்டிருந்த பணம் நின்றதும் அம்மாவே பையனைத் தெருமுனையில் விற்க அனுப்புகிறாள். ஓய்வு பெற்ற போலீஸ்காரர் ஒருவர் சிறைக்குப் போய், உன் மகனை என்னிடம் விடு, நான் வளர்க்கிறேன் என்று அந்த அப்பாவிடம் கேட்கிறார். அப்பா யோசிக்கிறான், கடைசியில் மனைவியைக் கூப்பிட்டுப் பையனை விட்டுவிடச் சொல்கிறான். அடிதடி எதுவும் இல்லாமல் இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிற காட்சி. மனு பார்த்துவிட்டு வெளியே வந்து என் கடைப் பெஞ்சில் உட்காரும் அப்பாக்கள் பேசுவது பெரும்பாலும் இதைத்தான்: இவன் வெளியே வந்தால் எந்த ஊருக்கு அனுப்புவது, எந்தச் சொந்தக்காரர் வைத்துக்கொள்வார். அந்தக் காட்சி வரும்போது நீங்கள் தம்பியோடு கூட இருங்கள். அவனோடு பேச ஆரம்பிக்க இந்தத் தொடர்களில் அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.